அப்பாவின் பிரேக் கால்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் நலம், அப்பா கொஞ்சம் முரண்டு பிடித்துக்கொண்டு நலம். நீயும் மாப்பிள்ளையும் முரண்டு இல்லாமலே நலமாக இருக்க வேண்டும். அங்கே குளிர் ஏறிவிட்டது என்றாய், காதை மூடாமல் வெளியே போகாதே. நீ அனுப்பிய கார் படங்களைப் பார்த்தேன். வெள்ளையா சாம்பலா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னாய், டிரைவரையும் நீயே ஏற்பாடு செய்வதாகச் சொன்னாய். ஃபோனில் பதில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால் இதை எழுதித் தம்பியிடம் கொடுக்கிறேன், படமெடுத்து அனுப்புவான். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் அப்பா கண்ணில் ஊசி போட்டுக்கொண்டார் என்று சொன்னேனே, போடவில்லை. நம் பழைய கார் போன பிறகு முதல் தடவையாக வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். நாற்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்திய மனிதரைப் பின்னால் உட்காரவைக்க முடியுமா, முன்னால் ஏறிக்கொண்டார். ஒரு கண் போய், இன்னொரு கண்ணில் பனிமூட்டமாகத் தெரிகிறவர், தெரு முனை தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். கிளட்ச்ல இருந்து காலை எடுப்பா என்றார், இண்டிகேட்டர் போடாம திரும்புறியே உனக்கு யாரு லைசென்ஸ் குடுத்தா என்றார். காலடியில் இல்லாத பிரேக்கை வேறு ஓங்கி ஓங்கி மிதிக்கிறார். பாதி வழியில் அந்த டிரைவர் பிள்ளை ஓரங்கட்டி, இறங்கி வந்து கதவைத் திறந்து, ஐயா நீங்களே ஓட்டிக்கோங்க என்று கும்பிட்டுவிட்டான். வீட்டுக்குத் திரும்பி வந்தோம். அடுத்தவன் வண்டியில மூட்டை மாதிரி உட்கார மாட்டேன், அதுக்குக் கண்ணே போகட்டும் என்று சொல்லிவிட்டு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நீ வைக்கிற டிரைவர் ஒரு வாரம் தாங்குவான் என்று நினைக்கிறாயா?

இந்த மாத ஊசிக்குத் தேதி நேற்று முன்தினம். முதல் நாளே ஆஸ்பத்திரி நர்ஸ் கூப்பிட்டு, இதையும் விட்டால் மிச்சமிருக்கிற பார்வைக்கு டாக்டர் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. காலையில் ஃபைலை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். நீங்க வரலைன்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிட்டு வரேன், பஸ்ல போறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். வாசல் கதவைத் தாண்டுவதற்குள் பின்னால் சுவரைத் தடவிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, தோளை மட்டும் கொடுத்தேன்.

நான் பஸ் ஏறி இருபத்தாறு வருஷம் ஆகிறது. உள்ளே போனால் அப்படி ஒரு கூட்டம். சீருடையோடு தூங்குகிற நர்சுகள், ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருக்கிற தச்சர், நிஜக் குழந்தையைத் தோளில் போட்டு நின்றபடியே தட்டுகிற ஒரு அப்பா. இத்தனை பேரும் கார் இல்லாமல் தினமும் போய் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள், நாம்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்க்காமலே போயிருக்கிறோம். எனக்கு வாய் பிளந்துவிட்டது. டிரைவருக்குப் பின்னால் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். ஓட்டுகிறவள் ஒரு பெண். இவர் ஆரம்பிக்கப் போகிறார், நடுவழியில் இறக்கிவிடப் போகிறாள் என்று நான் ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வலது கால் மெல்லத் தரையை அழுத்தியது. மறு நொடி பஸ் வேகம் குறைந்தது. தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே, வளைவிலும் சிக்னலிலும் அப்படியே, முதலில் இவர் கால், பிறகு பஸ். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லையடி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எப்படித் தெரியுது என்று காதில் கேட்டேன். அந்தப் பொண்ணு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கிறது இன்ஜின்ல கேட்குதே என்றார். வழியெல்லாம் ஒரு குறை சொல்லவில்லை. இறங்கும்போது, நல்லா நிறுத்துறீங்கம்மா என்று அவளிடம் சொன்னார். அவர் வாயால் இந்தப் பாராட்டை நானும் நீயும் வாங்கியதுண்டா?

ஊசி போட்டாயிற்று. இருப்பதைக் காப்பாற்றிவிடலாம், மாதம் தவறாமல் வாருங்கள் என்றார் டாக்டர். திரும்பி வரும் பஸ்ஸுக்குப் பெரிய சாலையைக் கடக்க வேண்டும். கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்ததால் அப்பாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நடக்கிறவர்களுக்குப் பச்சை விழுந்ததும் அவர் கையை என் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினேன். சரியாக நடுச் சாலையில் நின்றுவிட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எல்லாரும் நின்னுட்டாங்களா என்றார். நின்னுட்டாங்க, வாங்க என்றேன். எத்தனை வண்டி என்றார். பார்த்தேன். இரண்டு பஸ், ஒரு சிமெண்ட் லாரி, அதற்குப் பின்னால் கார்கள், பைக்குகள், கண்ணுக்கு எட்டிய வரை நிற்கிறது, ஒருவர்கூட ஹார்ன் அடிக்கவில்லை. அவ்வளவு பெரிய தெரு எங்கள் இரண்டு பேருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சொன்னேன். நாற்பது வருஷமா நிறுத்து நிறுத்துன்னு கத்தியிருக்கேன், யாருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது என்றார். வண்டிகள் இருந்த பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார்.

நம் காரில் எனக்கு வாய்த்த இடம் ஞாபகம் இருக்கிறதா? சொல்லிக்கொடுக்கிறவர் இருக்கை, காலடியில் இன்னொரு பிரேக், இன்னொரு கிளட்ச். ஒரு தடவை செருப்புப் பட்டுக் கார் நடுரோட்டில் நின்றதற்கு அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதிலிருந்து காலை மடக்கியே உட்கார்ந்தேன். நேற்று முன்தினம் திரும்பும் பஸ்ஸில்தான் முதல் தடவையாகக் காலை நீட்டினேன். அதனால் கார் வேண்டாம் மகளே. மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்பாய், நனைவோம். அவசரம் என்றால் ஆம்புலன்ஸ் இருக்கிறது. மூட்டை முடிச்சுக்குத் தம்பியின் சைக்கிள் இருக்கிறது. அப்பா நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டுவிட்டார், எனக்கு அது போதும்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் காரை வேண்டாமென்று சொல்லிவிடு, மறந்துவிடாதே. இன்னும் ஒன்று. அங்கே நீ வண்டி ஓட்டும்போது யாராவது சாலையைக் கடந்தால், விளக்கு மாறிவிட்டாலும் ஒரு நிமிஷம் பொறுத்து எடு. நடுவில் நின்று யாராவது வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

ஆசிகளுடன்,
காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் உன் அம்மா