அண்ணன் வீட்டுப் பங்கு

சேசு மரி சூசை துணை

திக்லிபூர்,
20-11-1958

அன்புள்ள அக்கா ரீத்தாவுக்கு, உன் தங்கை அமுதம் எழுதுவது. நாங்கள் இங்கே மாதா புண்ணியத்தில் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். முந்தின கடிதங்கள் ஒன்றுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் கப்பல் மேல் பழியைப் போட்டு மனதைத் தேற்றிக்கொள்கிறேன். கப்பலும் பாவம், எத்தனை தடவைதான் பழியைச் சுமக்கும்!

இதைக் கொண்டுவருகிற கம்பவுண்டர் சொக்கலிங்கம் லீவில் ஊருக்கு வருகிறார். ஒரு ஓலைப்பெட்டியும் தருவார். கடிதத்தைப் படித்துவிட்டுப் பெட்டியைத் திற. உள்ளே இருப்பது பார்க்கக் கருவாடு மாதிரி இருக்கும், கருவாடு இல்லை. அதை என்னவென்று சொல்வது என்று எனக்கே குழப்பம். முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தத் தீவில் சர்க்கார் கொடுத்த நிலத்தில் நெல் கதிர் விட்டிருக்கிறது. கடற்கரையில் பிறந்த நமக்கு நெல் என்றால் கடையில் சாக்கில் இருப்பதுதானே? இங்கே களை எது, பயிர் எது என்று பக்கத்து வீட்டு வங்காளத்துப் பெண்ணைக் கேட்டுக் கேட்டுப் பிடுங்கினேன். வளர்ந்ததும் மான் வந்துவிட்டது. புள்ளிமானை நாம் காலண்டரில்தான் பார்த்திருக்கிறோம். எவ்வளவு சாது என்று நினைத்திருந்தேன்! இங்கே ஆட்டு மந்தை மாதிரி வயலில் இறங்கி மொட்டையடித்துவிட்டு, விரட்டப் போனால் நின்று நம்மையே முறைக்கிறது.

அதனால் என் வீட்டுக்காரர், உன் கொழுந்தன், வேட்டைக்குப் போகத் தொடங்கினார். சிரிக்காதே. புதுவா என்று ஒரு ராஞ்சிக்காரர், காட்டிலாகாவில் மரம் வெட்டுகிறவர், அவரிடம் துப்பாக்கியும் ஒரு நொண்டிக்கால் நாயும் உண்டு. அவர் பேசுவது இந்தி, இவருக்குத் தெரிந்தது தமிழ். "ஹவா தேக்கோ, ஹவா தேக்கோ" என்று புதுவா சொல்லிக்கொண்டே இருந்தாராம். காற்றைப் பார் என்று அர்த்தம். காற்றைப் பார்க்கவா நமக்குச் சொல்லித்தர வேண்டும் என்று இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறார். பாய் விரித்துப் பழகினவருக்குக் காற்று முதுகில் இருந்தால்தானே நல்ல காற்று? முதுகுக் காற்றிலேயே போனார். இவருடைய பீடி வாடை இவருக்கு முன்னே போய்ச் சேர்ந்து, காட்டில் ஒரு மான் மிச்சமில்லை. வேட்டைக்குக் காற்று முகத்தில் அடிக்க வேண்டுமாம். இங்கே எல்லாமே தலைகீழ், அக்கா. யாரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

இவர் கடல் பக்கம் போவதே இல்லை. அது ஏன் என்று உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். கப்பலில் வந்தபோதுகூட மேல்தளத்துக்கு வரவில்லை, அடியில் மூட்டைகளுக்கு நடுவே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வீட்டில் மீன் வேண்டுமென்றால் நான்தான் போய் வாங்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலை மறுபடியும் போனார்கள். புதுவா சுட்டதில் ஒரு கலைமானுக்குக் காலில் அடிபட்டு, அது ஓடிப்போய் கிரீக்கில் குதித்துவிட்டது. கடல்நீர் உள்ளே நுழைந்து வரும் கால்வாயை இங்கே கிரீக் என்பார்கள். இரண்டு பக்கமும் சேற்றில் வேர் ஊன்றிய கண்டல் மரம், உள்ளே முதலை. இறங்குவதற்குப் பயந்து புதுவா கரையிலேயே நின்றுவிட்டார். மான் நீரின் இழுப்பில் கடலைப் பார்த்துப் போயிருக்கிறது. இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்தாராம். கொம்பைப் பிடித்து, நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி, இழுத்துக் கரையேற்றியிருக்கிறார். பைத்தியம் என்று புதுவா தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் வந்து சொன்னார்.

எங்கள் முற்றத்தில்தான் அறுத்தார்கள். பங்கு போடுவதை மட்டும் நான் போடுகிறேன் என்று இவர் கத்தியை வாங்கிக்கொண்டார். நம் கரையில் மீனை வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று போடுவோமே, அதேபோலத் துப்பாக்கிக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு, புதுவாவுக்கு, வங்காளத்தார் வீட்டுக்கு, எங்களுக்கு. அதற்கப்புறம் தொடைக்கறியில் நல்லதாகப் பார்த்துத் தனியாக ஒரு குவியல் வைத்தார். "யே கிஸ்கா?" இது யாருக்கு என்று புதுவா கேட்டார்.

"எங்க அண்ணன் வீட்டுக்கு," என்றார் இவர், தமிழிலேயே.

வெள்ளிக்கிழமையாதலால் நாங்கள் இறைச்சியை வாயில் வைக்கவில்லை. கடலிலிருந்து வந்தது மீன்கணக்குத்தானே என்று இவர் கேட்டார். பாவத்தில் விளையாடாதீர்கள் என்றேன். கேட்டுத் தெரிந்துகொள்ளச் சாமியாரும் பக்கத்தில் இல்லை. நீ பங்குச்சாமியாரைக் கேட்டு எழுது. பிறகு உன் பங்கைச் சீலா மீனை அரிவது மாதிரி கீறி, உப்பு தேய்த்து, வெயில் இல்லாததால் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். வங்காளத்துப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

உப்பு தேய்க்கும்போது இவர் ஈரச்சட்டையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கொம்பு கீறி உள்ளங்கை ரத்தமாயிருந்தது. அப்புறம் சொன்னார்:

"மானை விடாமப் பிடிச்சுட்டேன் அமுதம். அன்னைக்கு வள்ளம் கவுந்தப்ப அண்ணன் கையும் இப்படித்தான் என் கைக்குள்ள இருந்துச்சு. நான் விடல. வழுக்கிருச்சு."

அக்கா, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். நீ அன்று கரையில் எல்லோர் முன்னாலும், நீ மட்டும் எப்படி வந்தாய் என்று கேட்டாயே, அதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. அடுத்த வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்த மீன் பங்கை நீ காலால் தள்ளினாய். அதையும் எடுத்துக்கொண்டு திரும்பினார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் மதினிக்கு இன்னும் வலிக்குமே என்கிறார். இது எனக்கு விளங்கவில்லை. இதை உனக்கு எழுதுவது சரியா தப்பா என்றும் விளங்கவில்லை. எழுதுவது அவருக்குத் தெரியாது. உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. கடலோடு போன லூர்து அத்தானை நினைத்தால் உன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

பெட்டியை அவர்தான் கட்டினார். கயிற்றை அவிழ்த்து அவிழ்த்து மறுபடி மறுபடி கட்டினார். மதினி வாங்குவாளா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நம் கரையில் பங்கை வாங்கிக்கொண்டால் மனத்தாங்கல் தீர்ந்தது என்று அர்த்தம், உனக்குத் தெரியாததா?

கறியில் உப்பு தூக்கலாக இருக்கும். முந்தின நாளே ஊறப்போடு, இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை மட்டும் சமைக்காதே. சாப்பிட்டோம் என்று ஒரு வரி எழுது, என் பெயருக்கு வேண்டாம், மத்தியாஸ் என்று அவர் பெயருக்கே எழுது. மாதா உன்னையும் பிள்ளைகளையும் தன் கையில் வைத்துக் காக்கட்டும். இந்தப் பெட்டியைத் தள்ளிவிடாதே, அக்கா.

உன் தங்கை,
அமுதம்