செல்வியின் சம்மதம்

அண்ணாச்சி,

இன்று காலை அம்மன் கோயிலில் ஒருவர் மகனின் ஆபரேஷனுக்காகப் பூக்கட்டிப் பார்த்தார். இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பிரிக்கும்போது வெள்ளைப் பூ வந்தால் செய்யலாம், சிவப்பு என்றால் வேண்டாம். நனைந்த அரளி வாசத்தில் உங்கள் நினைவு வந்துவிட்டது.

நாரணாபுரத்தில் நாம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். ஊரில் செல்போன் ஒன்றிரண்டு தலைகாட்டிய காலம். உங்கள் மகள் செல்வி என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தாள். சிறு வயதில் வெந்நீர் கொட்டி, அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கி ஒட்டியிருந்தன. பிரித்துவிடலாம், அவசரமில்லை என்றார் டாக்டர். தீபாவளி முடிந்து, நீங்கள் வேலைபார்த்த பட்டாசுக் கம்பெனி அடைத்திருக்கும்போதே செய்துவிட நினைத்தீர்கள். ஆர்டர் வரத் தொடங்கினால் உங்களுக்கும் மதினிக்கும் லீவு ஏது?

பூக்கட்டிப் பார்க்கக் கோயிலுக்கு என்னையும் கூட்டிப்போனீர்கள். அங்கே விளையாடிய ஒரு குழந்தை பொட்டலத்தை எடுத்தது. வெள்ளை. மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செல்வி முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள். “யாரு வீட்டுப் பிள்ளையோ பூ எடுக்குது. விரலு என்னோடதுல்லப்பா? என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?”

“சாமி உத்தரவு குடுத்த பெறகு பேச்சப் பாரு!” என்று மதினி அதட்டினார்.

“இப்பக் கட்டுப் போட்டா பரீச்சைய யாரு எழுதுவா, நீங்களா? எழுதி முடிச்சதும் நானே வாரேன்.”

நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டே யோசித்தீர்கள். “சாமி பண்ணுன்னுதான சொல்லிருக்கு? இன்னைக்கேன்னு சொல்லலயே. புள்ள சொல்ற நாளே இருக்கட்டும்.”

“அப்பனும் மகளும் சாமிகிட்டயே வாயாடுறீக!” மதினிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கோடையில், ஆர்டர் குவிந்துகிடந்த நேரத்தில், கெஞ்சி லீவு வாங்கினீர்கள். ஆபரேஷன் அறை வாசலில் நர்ஸ் வண்டியைத் தள்ளப்போனபோது, “செத்த இருங்கம்மா” என்று மறித்தீர்கள். “போவமா தாயி?” என்று செல்வியிடம் கேட்டீர்கள். கையெழுத்தெல்லாம் போட்டு முடிந்த பிறகு அப்படி ஒரு கேள்வி. அவள் பயத்தை விழுங்கிக்கொண்டு தலையாட்டும்வரை வண்டியை விடவில்லை.

விரல்கள் பிரிந்துவிட்டன. ஒன்றில் மட்டும் கொஞ்சம் வளைவு. “நாஞ் சொன்ன நாள்ல பண்ணுனது சார்” என்று அதையும் பெருமையாகக் காட்டுவாள்.

அந்த வாசலில் நீங்கள் காத்துநின்றது என்னிடம் தங்கிவிட்டது. போன வாரம் என் பேத்திக்குக் காய்ச்சல். ஊசி என்றதும் மருமகள் அவளை இறுக்கிப் பிடிக்கப்போனாள். நான் தடுத்து, எந்தக் கையில் போடலாம் என்று பேத்தியையே கேட்டேன். வெகுநேரம் யோசித்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அசையவில்லை. பிறகு அவளே இடது சட்டைக்கையை மெல்ல மடித்துவிட்டாள்.