சம்சா மடிக்கும் மெஷின்

அன்புள்ள அம்மாவுக்கு,

மேய்ச்சல் மேட்டில் குளிர் எப்படி? முழங்கால் வலி தணிந்ததா? அல்மாத்தி நகரத்தில் நான் நலம், அலுப்புதான் தீரவில்லை.

எங்கள் சம்சாக் கடைக்கு மெஷின் வந்திருக்கிறது. மாவையும் கறியையும் போட்டால் மடித்துத் தள்ளுகிறது. என்னோடு மடிக்கும் தமிரா அக்கா அதைப் பார்த்ததுமே, "வானத்துக்கு ராக்கெட் விடுறாங்க, கறி விலைய இறக்க ஒருத்தனுக்கும் துப்பில்ல" என்றார்.

"விலைக்கு விஞ்ஞானம் என்னக்கா பண்ணும்? நம்ம கைவலியாவது குறையும்ல" என்றேன்.

முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். மெஷினுக்கு ஒருத்தி போதுமென்று என்னை வைத்துக்கொண்டு அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

"உன் வாய் உனக்கு ரொட்டி போட்டுருச்சுடி" என்று அக்கா சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அங்கே சிக்னல் கிடைக்காததால் இதை அக்காவிடமே கொடுத்தனுப்புகிறேன். ஊருக்குப் போகும் வழியில் உங்கள் கூடாரத்துக்கு வருவார். குதிரைப்பால் கொடுத்து ஒரு ராத்திரி தங்க வையுங்கள். விலைவாசியைத் திட்ட ஆரம்பித்தால் கொஞ்சம் எதிர்த்துப் பேசுங்கள். அது அவருக்குப் பிடிக்கும். இங்கே இப்போது நாள் முழுக்க மெஷின் சத்தம்தான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உங்கள் பழைய கம்பளிக் காலுறையைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அடுப்புப் புகை வாசத்தோடே இருக்கட்டும்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று, அக்கா கை நீட்டுகிறார்.

உங்கள் நுர்ஜமால்