பெரிய வாத்து செத்த அன்று

அம்மாவுக்கு மகள் எழுதுவது. நான் நல்லபடி இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே நான் வாத்துகளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் ஒரு கூத்து. தோட்டத்துக்கு வேலி போட்டவன் ஆணிகளைச் சிந்திவிட்டுப் போனான். கயிற்றில் காந்தம் கட்டிப் புல்லெல்லாம் இழுத்துப் பொறுக்கினேன். அப்படியும் ஒன்றைப் பெரிய வாத்து விழுங்கிச் செத்துப்போனது. அதைப் புதைக்கும்போது எனக்கு அழுகை நிற்கவேயில்லை.

"வாத்துக்கா இப்படி அழுற? நல்ல மனசுடி உனக்கு. ரெண்டு நாள் வேலை செய்யாத, படுத்துக்கோ" என்றாள் வீட்டுக்காரம்மா.

உன்னிடம் விட்டுவந்த என் பாப்பா செத்தபோது ஊருக்கு வர அவளிடம்தான் லீவு கேட்டேன். "நீ போறதுக்குள்ள புதைச்சிடுவாங்க. இங்க வாத்துக்கு யாரு தீனி வைப்பா?" என்றாள்.

பாப்பாவைப் புதைத்த இடத்தில் முள் வெட்டிப் போடு, நாய் கிளறும். தலையை எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று எழுது. மிச்ச வாத்துகள் கத்துகின்றன, வருகிறேன்.