வாயும் வயிறுமாக ஒரு மகாராஜா

கடலில் இருக்கும் என் இஞ்சினியரம்மாவுக்கு,

கரையில் இருக்கும் உன் வீட்டுக்காரன் எழுதுவது. நானும் நம் வாண்டு மகளும் சௌக்கியம். உன் நலமும், நீ காவல் காக்கும் அந்தக் கப்பல் ஜெனரேட்டரின் நலமும் அறிய ஆவல்.

முதலில் செய்தி. பிரசவம் நல்லபடியாக முடிந்தது. பதறாதே, நம் வீட்டில் இல்லை, மீன் காட்சியகத்தில். பெற்றவரும் பிள்ளைகளும் நலம். பெற்றவர் ஆண். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதனால் இந்தக் கடிதம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

கடல்குதிரைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும், மேனேஜர் அதையும் என் தலையில் கட்டிவிட்டார் என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா? நான் பம்பும் வடிகட்டியும் பார்க்கிறவன். குழாயில் எங்கே அடைப்பு என்று கேட்டால் காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவேன். கடல்குதிரையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தொட்டியில் இரண்டு இருந்தன. ஒன்று ஒல்லி, இன்னொன்று தொந்தி வைத்த மாதிரி. தொந்தி இருப்பதுதான் பெண் என்று நானே முடிவுகட்டி, அதற்கு மகாராணி என்றும் ஒல்லிக்கு மந்திரி என்றும் பெயர் வைத்து, கண்ணாடியில் சீட்டு எழுதி ஒட்டினேன். காலையில் இரண்டும் வாலோடு வால் கோத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி வரும். மந்திரி மகாராணியிடம் உத்தரவு வாங்குகிறார் என்று, பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கம் வேறு கொடுத்தேன்.

பிறகு மகாராணியின் தொந்தி நாளுக்கு நாள் பெரிதாகியது. மீன் டாக்டரம்மா லீவில் இருந்தார். தின்று தின்று ஊதிவிட்டது என்று நினைத்து நானே பத்தியம் போட்டேன். சாயங்காலத் தீனியை நிறுத்தினேன். அது கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கும். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று அதற்குச் சமாதானம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே ஒருத்தி வாயைத் திறக்க மாட்டாள். அங்கே தின்னாதே என்று கெஞ்சல், இங்கே தின்னு என்று கெஞ்சல். என் பிழைப்பு இப்படித்தான் ஓடியது.

வாண்டு சாப்பிடாத கதையை உன் அக்கா உனக்கு எழுதிவிட்டார் என்று தெரியும். அதில் பொய் ஒன்றும் இல்லை. நீ கப்பல் ஏறியதிலிருந்து அவள் தட்டைக் கண்டாலே உதட்டைப் பூட்டிக்கொண்டாள். நானும் விடாமல் தட்டு நிறையப் போட்டு, மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்த்திப் பார்த்தேன். அவள் அழ, நான் கத்த, கடைசியில் சோறு ஆறி சட்டியில் போய்ச் சேரும். கன்னம் வற்றிப்போயிற்று. போன தடவை வந்தபோது உன் அக்கா அவளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கிவிட்டார். "தம்பி, சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. ஆம்பளை ஒத்தை ஆளா எப்படி வளப்பீங்க? எங்க வீட்டுல புள்ளைங்களோட புள்ளையா இருந்தா தானா சாப்பிடும். என் தங்கச்சி திரும்பி வர்ற வரைக்கும் என்கிட்ட விடுங்க" என்றார்.

உன் கடிதத்திலும் அக்கா சொல்வதுதான் சரியோ என்று கேட்டிருந்தாய். அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் அக்காவுக்கு முடிவை எழுதிவிடுவதாகவும் சொல்லியிருந்தாய். அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பதில் எழுதக் கை வரவில்லை. குழந்தை என் கண் முன்னாலேயே இளைத்துக்கொண்டிருக்கும்போது, என்னிடமே இருக்கட்டும் என்று எந்த முகத்தோடு எழுதுவது?

சரி, இனிமேல்தான் கதையே இருக்கிறது. டாக்டரம்மா லீவு முடிந்து வந்தார். தொட்டியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாருங்க இவரை மகாராணின்னு எழுதினது? இவரு மகாராஜா. வாயும் வயிறுமா இருக்காரு" என்றார். நான் அசடு வழிந்தபடி பத்தியம் போட்ட கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வாயும் வயிறும்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வாய்தான் இருக்கு. இதுங்களுக்கு இரைப்பையே கிடையாதுங்க" என்றார்.

நம்புவாயா? பல்லும் கிடையாதாம், இரைப்பையும் கிடையாதாம். குழல் மாதிரி இருக்கும் அந்த மூக்கால் இரையை உறிஞ்சி அப்படியே விழுங்குமாம். உள்ளே போனது குடலோடு ஓடிக்கொண்டே இருக்கும், சேர்த்து வைக்க இடம் இல்லை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தின்றால்தான் உயிர் தங்கும். நான் தொந்தி என்று நினைத்தது வயிறே இல்லை, வாலுக்கு மேலே இருக்கும் ஒரு பை. பெண், அதாவது நம்முடைய மந்திரி, வந்து தன் முட்டைகளை அந்தப் பைக்குள் வைத்துவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு எல்லாம் அப்பன்காரன் பாடு. முட்டை கருவாவது அந்தப் பைக்குள்தான். மூச்சுக்கு வேண்டியதை, சத்துக்கு வேண்டியதை அவர் உடம்பிலிருந்தே கொடுக்கிறார். பைக்குள் இருக்கும் நீரின் உப்பைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் தண்ணீர் அளவுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளைப் பழக்கித்தான் வெளியே அனுப்புவாராம். நான் வாய் பிளந்து நின்றேன். பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போட்ட பாவி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கே பத்தியத்தைக் கிழித்துப் போட்டேன். மகாராஜாவுக்குக் குட்டிக் குட்டி இறாலாக, சின்னச் சின்ன வேளையாகத் தீனி. வீட்டுக்கு வந்து தட்டை எடுத்தபோது, இதே முட்டாள்தனத்தைத்தானே இங்கேயும் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. வாண்டுக்கு இரைப்பை இருக்கிறது, எனக்குத் தெரியும், சிரிக்காதே. ஆனால் அது அவள் கைப்பிடி அளவுதானே? பெரிய தட்டை எடுத்து மேலே வைத்தேன். உன் காப்பி டம்ளர் மூடியில் நாலு வாய் மட்டும் வைத்து ஜன்னலோரம் விட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் தின்றாள். பிறகு இன்னொரு மூடி, அப்புறம் இன்னொன்று.

பிரசவம் விடியற்காலையில். வாண்டைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஊரில் இல்லாததால் அவளையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். மகாராஜா ஒரு செடியில் வாலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் குனிந்து குனிந்து நிமிர்ந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீ வலியில் இருந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நடந்த நடை உனக்கு நினைவிருக்கும், அதே நடை. பையின் வாய் திறந்தது. புகை மாதிரி ஏதோ வெளியே வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், அத்தனையும் குதிரை. கண்ணிமை முடி நீளம்தான் ஒவ்வொன்றும், ஆனால் மூக்கு, வால், முகத்தில் அந்த ராஜ கம்பீரம் எல்லாம் அச்சு அசல். வந்ததும் வராததுமாக மேலே போய் ஒரு வாய்க் காற்றை விழுங்கிக்கொண்டன. அப்போதுதான் தண்ணீரில் நிமிர்ந்து மிதக்க முடியுமாம். வாண்டு கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு மூச்சு விடாமல் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மா பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

குஞ்சுகளுக்கு இரை, உப்புநீர் இறாலின் குஞ்சு. அதன் முட்டையைப் பாட்டிலில் போட்டு, காற்றுக் குழாய் விட்டுப் பொரிக்க வைக்க வேண்டும். குழாய் என்றால் நம் வேலை அல்லவா, பாட்டில் வரிசை என் பொறுப்பு. குதிரைக் குஞ்சின் உடம்பு கண்ணாடி போல இருப்பதால், அது தின்னத் தின்னக் குடல் ஆரஞ்சு நிறமாவது வெளியே தெரியும். வாண்டுக்கு அதுதான் பெரிய வேடிக்கை. உதட்டைக் குவித்து "சுப்"பென்று உறிஞ்சிக் காட்டுவாள். ஒரு நாள் மத்தியானம் வேகவைத்த சேமியாவை மூடியில் வைத்தேன். ஒவ்வொரு இழையாக எடுத்து, மூக்கு நீண்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, உறிஞ்சி உறிஞ்சி மொத்தத்தையும் தின்றுவிட்டுச் சட்டையைத் தூக்கிக் காட்டி, "ஆரஞ்சு தெரியுதா பாரு" என்றாள். தெரிகிறது என்றேன். இப்போது பால், கஞ்சி, பழம் எல்லாமே உறிஞ்சல்தான். சட்டையெல்லாம் கறை. கறை போனால் போகிறது, கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது.

நேற்று உன் அக்கா வந்தார். வாண்டின் துணிகளை எடுத்துப்போகப் புதுப் பை ஒன்றும் வாங்கி வந்திருந்தார். வீடு பூட்டியிருக்கவே நேராகக் காட்சியகத்துக்கு வந்துவிட்டார். நான் முந்திக்கொண்டு மகாராஜாவின் கதையை ஒரே மூச்சில் கொட்டினேன். உன் அக்காவை உனக்குத் தெரியாதா, சும்மா விடுவாரா? "அது சரி, பெத்தவரை எதுக்குத் தனித் தொட்டியில வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். விஷயம் என்னவென்றால், பெற்றதோடு அவர் கடமை முடிந்தது. பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்க மாட்டார். பசி வந்தால் எது இரை, எது பிள்ளை என்றுகூடப் பார்க்க மாட்டார் என்றுதான் டாக்டரம்மா பிரித்து வைத்தார். மறைக்காமல் சொன்னேன். "பாத்தீங்களா தம்பி, அப்புறம் யாரு இதுங்களை வளக்குறது?" என்று மடக்கினார். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "நான்தான்" என்றேன்.

அப்போதுதான் வாண்டு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நானும் உன் பைக்குள்ளதான் இருந்தேனா?" என்று கேட்டாள். இல்லடா, நீ அம்மா வயிற்றில் இருந்தாய் என்றேன். "அப்ப அம்மா முறை முடிஞ்சிருச்சு. இப்ப அப்பா முறை" என்று சொல்லிவிட்டு, பெரியம்மா கையில் இருந்த பிஸ்கட்டை வாங்கி உறிஞ்சிப் பார்த்தாள். அது உறிஞ்ச வரவில்லை என்றதும் கடித்துத் தின்றாள்.

உன் அக்கா பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அவ அம்மா என்ன எழுதுறாளோ, அப்படியே" என்றார். கிளம்பும்போது வாண்டின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், தொட்டதை நானும் பார்த்தேன். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர் வீட்டுக்குப் போனால் வாண்டு நன்றாகத்தான் இருப்பாள். நான்தான் நன்றாக இருக்க மாட்டேன். நீயும் இல்லாமல், அவளும் இல்லாமல், இந்த வீட்டில் எந்த அறையில் போய் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடியில் சீட்டை மாற்றி எழுதிவிட்டேன். ஒல்லிதான் இப்போது மகாராணி. அவர் தினமும் காலையில் வந்து, மகாராஜா நன்றாக இருக்கிறாரா என்று பார்த்து, வாலோடு வால் கோத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். நீ கடிதம் எழுதுவது போலத்தான்.

உன் கப்பல் போகும் வழியெல்லாம் கடல் அமைதியாக இருக்கட்டும். துறைமுகத்தில் இறங்கியதும் அக்காவுக்கு நீ எழுதப்போகிற பதில் நீளமாக இருக்க வேண்டாம். ‘இப்போது அப்பா முறை’ என்று மட்டும் எழுது, போதும்.

இப்படிக்கு,
வாண்டுக்குச் சேமியா வேகவைத்துக்கொண்டே எழுதும்
உன் வீட்டுக்காரன்