பெயருக்குப் பின்னால் வரும் பெயர்

கள்ளக்குறிச்சி
9.8.2008, இரவு

அன்புள்ள அம்சா,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பையனுக்கு மறுபடியும் இழுப்பு. இப்போதுதான் தோளில் போட்டுத் தூங்க வைத்தேன். பகலில் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க முடிவதில்லை.

நம் கல்லூரியில் காய வைத்துத் தாளில் ஒட்டிய செடிகளின் விவரங்களை ஒரு மென்பொருளில் ஏற்றும் வேலையை நம் பேராசிரியர் ஆதிமூலம் சார் எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரையும் அவரே வீட்டில் கொண்டுவந்து வைத்தார். செடியின் பெயருக்குப் பின்னால், அந்தப் பெயரை வைத்தவர் பெயருக்கென்று ஒரு பெட்டி. நேற்று நம் செடி வந்தது. கரியாலூர் அருவிக்கு மேலே வழுக்குப் பாறையில் நீ கண்டெடுத்து, ஆய்வேட்டில் நீயே பெயர் வைத்த அந்த ஊதாப்பூ. சார் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் அச்சில் வெளியிட்டால் இரண்டு பேரையும் போட்டு நடுவில் லத்தீனில் 'எக்ஸ்' (ex) என்று எழுதுவார்கள்; உனக்குத் தெரியாததா. ஆனால் அச்சான கட்டுரையில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், அம்சா.

அந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்தது நான். சார் கையால் எழுதிய படியில் 'இப்பெயரை வைத்தவர் அம்சவள்ளி' என்று ஒரு வரி இருந்தது. பாதியில் வந்து, "அந்தப் பொண்ணு மலைக்கே போயிடுச்சி. அதுக்கு இன்னாத்துக்கும்மா இதெல்லாம்? எடுத்துடு" என்றார். எடுத்துவிட்டேன். அப்போது எனக்கு ஏழாம் மாதம். அவர் சிபாரிசில் ஒரு வேலை கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

20-ஆம் தேதி காலை சென்னையிலிருந்து ஆள் வந்து விவரங்கள் ஏற்றிய சி.டி. வட்டை வாங்கிப் போவார். பிறகு மாற்ற முடியாது. உன் பெயரை நானே சேர்த்துவிடட்டுமா? யாரும் கட்டுரையைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை.

உன்
நிஷா


வெள்ளிமலை
14.8.2008

நிஷா,

உன் கடிதம் நேற்று மாலை பஸ்ஸில் வந்தது. பையனை நல்ல டாக்டரிடம் காட்டு, கைவைத்தியம் செய்துகொண்டு இருக்காதே.

கட்டுரை வந்தபோதே வரவழைத்துப் படித்தேன். கடைசிப் பத்தியில் சார் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தார். ஜீப் ஓட்டிய பிச்சைமுத்து அண்ணன் பெயர்கூட இருந்தது. தட்டச்சு செய்தவர் அஸ்ரப் நிஷா என்று உன் பெயரும் இருந்தது. என் பெயர் விடுபட்டது உனக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயரை அந்தப் பெட்டியில் போடாதே. அச்சில் இல்லாததை நீயாகச் சேர்த்தால், நாளைக்கு யாராவது ஒப்பிட்டுப் பார்க்கும்போது பொய்யாக நிற்கப்போவது என் பெயர்தான். செடி எடுத்தவர் என்று வேறொரு பெட்டி இருக்குமே, தாளில் என் கையெழுத்தில் சீட்டு இருக்கிறது, அதைப் பார்த்துச் சரியாகப் போடு. குறிப்பு எழுத இடம் இருந்தால் நடந்ததை எழுது. உன் பெயரைப் போட்டு எழுது.

முடியாதென்றால் இனி எனக்குக் கடிதம் வேண்டாம்.

அம்சவள்ளி


கள்ளக்குறிச்சி
21.8.2008

அன்புள்ள அம்சா,

உன் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். பிறகு குறிப்பை எழுதினேன்.

உன் சீட்டில் உள்ளபடியே, செடி எடுத்தவர்: அம்சவள்ளி, எண் 214. பெயர் வைத்தவர் பெட்டியில் சார் பெயர் அப்படியேதான் இருக்கிறது. குறிப்பில் இப்படி: 'இப்பெயர் முதலில் அம்சவள்ளியின் ஆய்வேட்டில் வந்தது. கட்டுரையின் கையெழுத்துப் படியில் இதைச் சொன்ன வரியை, கட்டுரையாளர் சொன்னதன்பேரில் தட்டச்சில் நீக்கியவள் நான். அஸ்ரப் நிஷா.'

வட்டில் ஏற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, சாருக்கு நானே போன் செய்து சொன்னேன். ஒளித்துச் செய்ய மனம் வரவில்லை. 19-ஆம் தேதி சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தக் குறிப்ப அழிச்சிடும்மா. உனக்கு நான் இன்னா கொற வெச்சேன்?"

"கொறயில்லீங்க சார். நடந்தததான் எழுதிக்கீறேன்."

"அப்ப கம்ப்யூட்டர எடுத்துக்கினு போயிடுறேன். வேலையும் வேற ஆளு பாத்துக்கும்."

"எடுத்துக்கினு போங்க சார்."

சொல்லும்போது கையிலிருந்த பையன் அழ ஆரம்பித்துவிட்டான். சார் ஆட்டோ பிடித்து கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு போனார். வட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. கடையை மூடிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் காலி மேசையைப் பார்த்துவிட்டு, "வட்டு பத்திரமா கீதா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை சென்னை ஆளிடம் அதை என் கையால் கொடுத்தேன்.

வேலை போனதைவிட, உன் கடிதத்தில் 'அன்புள்ள' இல்லாததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இதைச் செய்துவிட்டதால் நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். இன்னும் உனக்கு எழுதலாமா, கூடாதா, அதை மட்டும் சொல். இரண்டில் எதுவானாலும், சீக்கிரம் பதில் போடு.

நிஷா