கார்டில் ஒரு முனியாண்டி

செவ்வாய், 10 ஜூன்

காலையிலேயே வெயில் கொளுத்தல். கடை மின்விசிறி மக்கர். பிரிண்டருக்கு டோனர் வாங்க வேண்டும், மறக்கக் கூடாது.

கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் அசைன்மெண்ட் பைண்டிங்குக்கு வந்தார்கள். மூன்றிலும் முதல் பத்தி அச்சு அசல் ஒன்றே. ஏஐ எழுதிக் கொடுத்ததாம். கொஞ்சமாவது மாற்றியிருக்கக் கூடாதா என்று திட்டிவிட்டு பைண்டிங் போட்டுக் கொடுத்தேன்.

நான் யாரைத் திட்ட? மகள் யாழினி என் அச்சுக்கடைக் கணினியிலும் ஓர் ஏஐ ப்ரோகிராம் போட்டுக் கொடுத்து ஒரு மாதமாகிறது. அவளுடைய டிப்ளோமா ப்ராஜெக்டே என் கடைதான். தலைப்பு: புதிய தொழில்நுட்பமும் சிறு வியாபாரமும். முன்பெல்லாம் ஒரு கல்யாணக் கார்டுக்கு நாள் முழுக்க உட்கார்ந்து டைப் அடிப்பேன். இப்போது கல்யாண வீட்டுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் போதும், அதுவே கேட்டுக் கார்டு போட்டுவிடுகிறது. எனக்கு மதியம் ஒரு குட்டித் தூக்கம். திக்காம் பத்து ஊரில் கடை திறந்த இத்தனை வருடத்தில் இல்லாத சுகம். சொல்லக் கூச்சம்தான். ஆனால் பிடித்திருக்கிறது.

இன்று முடிந்தது: சரஸ் அக்கா மகள் கல்யாணக் கார்டு. போனில் அனுப்பும் கார்டு எல்லாருக்கும் போய்விட்டது. காகிதக் கார்டு அடுத்த வாரம். வாசலில் டுரியான் பழம் விற்கும் லோரி வந்தது, நான்கு வாங்கினேன். ஒன்று சொத்தை.

புதன், 11 ஜூன்

மாலை நல்ல மழை. டோனர் வாங்கவில்லை.

சரஸ் அக்கா அழுதுகொண்டே போன் செய்தார். கார்டில் தாய்மாமன் ஒருவர் பெயரைக் காணோமாம்.

விஷயம் இதுதான். அக்காவுக்குச் சொந்தத் தம்பி ஒருவர், பெரியப்பா மகன் ஒருவர். இரண்டு பேருக்கும் தாத்தா பெயர், முனியாண்டி. இரண்டு பேரும் புக்கிட் செலம்பாவ். அங்கே ரப்பர் தோட்டத்தில் லோரி முனியாண்டி, மாட்டு முனியாண்டி என்றால் எல்லாருக்கும் தெரியும். பட்டப்பெயரைக் கல்யாணக் கார்டில் போட முடியுமா? 'திரு. முனியாண்டி குடும்பத்தினர், புக்கிட் செலம்பாவ்' என்று கீழும் மேலுமாக இரண்டு தடவை வர வேண்டும். ஒரு தடவைதான் வந்திருக்கிறது.

இதில் கூத்து என்னவென்றால், கார்டில் இருப்பது அவன், விட்டுப்போனது நான் என்று இரண்டு பேருமே சொல்கிறார்களாம். இரண்டு பேருமே கல்யாணத்துக்கு வரப் போவதில்லையாம். தாய்மாமன் சீர் இல்லாமல் பெண்ணை எப்படி மணவறையில் உட்கார வைப்பது? அக்கா விசும்புவது இன்னும் காதிலேயே இருக்கிறது.

பழைய காலமென்றால் பெட்டியோடு திரும்ப வாங்கி வேறு அடித்துக் கொடுத்திருப்பேன். இது போனில் ஒரே நிமிடத்தில் பினாங்கு, சிங்கப்பூர் எல்லாம் போய்விட்டது.

"அது மெஷின் பண்ண வேலை, அக்கா" என்று போனில் சொன்னேன். யாழினி பக்கத்தில்தான் நின்றாள்.

வியாழன், 12 ஜூன்

மேகமூட்டம். டோனர் வாங்கியாயிற்று.

காலையில் ப்ரோகிராமைத் திறந்து பார்த்தேன். நடந்ததையெல்லாம் அது எழுதி வைத்திருக்கிறது. 'ஒரே பெயர் இருமுறை உள்ளது. ஒன்றை நீக்கவா?' என்று கேட்டிருக்கிறது. பதில்: ஆம். செவ்வாய், காலை 11.40.

டுரியான் லோரி வந்த நேரம். ஒரு கையில் பழம், இன்னொரு கையில் போன். ப்ரோகிராம் கேட்பது போனுக்கும் வரும். எதையோ கேட்கிறதே என்று தட்டிவிட்டுப் போனேன். அது ஒழுங்காகக் கேட்டது. நான்தான் பார்க்கவில்லை. இரண்டு முனியாண்டி வீட்டுக் காதுகுத்துக்கும் பத்திரிகை அடித்தவள் நான். வெட்கக்கேடு.

யாழினி அதற்குள் ப்ரோகிராமைக் கணினியிலிருந்தே எடுத்துவிட உட்கார்ந்துவிட்டாள். முகம் சுண்டிப் போயிருந்தது. ப்ராஜெக்ட் தோல்வி என்றே எழுதிக்கொள்கிறாளாம். மனது கேட்கவில்லை, உள்ளதைச் சொன்னேன்.

"டுரியானாம்மா?" என்றாள்.

பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும், "இத கல்யாண வீட்டுலயும் மாமாங்ககிட்டயும் நீங்களே போய் சொல்லணும்மா" என்றாள்.

சரஸ் அக்காவிடம் போனில் சொல்லிவிட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்னும் மாமன்மார்கள் பாக்கி.

சனி, 14 ஜூன்

வெயில். கடைக்கு அரை நாள் லீவு. தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், திருத்திய கார்டு. மோட்டார் சைக்கிளில் புக்கிட் செலம்பாவ்.

லோரி முனியாண்டி வீட்டு வாசலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் சண்டை இல்லை. கோபமெல்லாம் அக்கா மேலும் என் மேலும்தான். டுரியான் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

லோரி முனியாண்டி கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த மெஷினுக்கு எங்க தாத்தாவத் தெரியாதும்மா. ஒனக்குத் தெரியும்ல?"

காது சுட்டது.

மாட்டு முனியாண்டி ஒன்றே ஒன்று கேட்டார், அழிந்தது மேலே இருந்த பெயரா கீழே இருந்ததா என்று. தெரியாது மாமா என்றேன். அதுதான் உண்மை. புதுக் கார்டை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார்கள். பேரன் பேத்தி வரை ஒரு பெயர் விடாமல் வாசித்தேன். முனியாண்டி இரண்டையும் அழுத்தி வாசித்தேன்.

வருகிறோம் என்று சொல்லவில்லை. "பாப்போம்லா" என்றார் லோரி முனியாண்டி. கிளம்பும்போது மாட்டு முனியாண்டி வீட்டம்மா ஒரு டப்பா தயிர் கொடுத்தார். கோபமாக இருப்பவர்கள் தயிர் கொடுப்பார்களா? தெரியவில்லை. கெட்டித் தயிர்.

செவ்வாய், 17 ஜூன்

யாழினி இன்று ப்ராஜெக்டைப் பேசிவிட்டு வந்தாள். மெஷின் கேட்ட கேள்வி சரி, பதில் சொன்ன ஆள்தான் தப்பு என்றாளாம். ஆள் யார் என்று லெக்சரர் கேட்டாராம், சொல்லவில்லையாம். நல்ல பிள்ளை.

இனி பெயர்கள் மேல் ப்ரோகிராம் கை வைக்காதபடி மாற்றிவிட்டாள். மாமன்மார்கள் சொல்லிக் கொடுத்ததையும் கடை விதியாக்கிவிட்டேன்: அச்சுக்கு முன் வீட்டுக்காரர்கள் வந்து எல்லாப் பெயரையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். இன்று ஒரு குடும்பம் வாசித்தது. நடுவில் ஒரு சித்தப்பா விட்டுப்போனது அவர்களுக்கே தெரியவந்தது.

மதியத் தூக்கம் தொடர்கிறது.

ஞாயிறு, 29 ஜூன்

சுங்கை பட்டாணி டவுன். கல்யாண மண்டபம். விடிகாலை மழை, பிறகு வெயில். நீலப் புடவை.

ஒன்பதாகியும் மாமன்மார்கள் வரவில்லை. சரஸ் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. இலையில் இட்லி ஆறிப்போனது, கை வைக்க முடியவில்லை. யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதேகாலுக்கு வாசலில் லோரி சத்தம். முன்சீட்டில் இரண்டு பேர், பின்னால் சீர்த்தட்டும் சொந்தமும். சரஸ் அக்கா ஓடினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

தட்டோடு என்னைக் கடந்து போகும்போது லோரி முனியாண்டி நின்றார்.

"ரெண்டு முனியாண்டியும் வந்துட்டோம்மா. பாத்துக்க. ஒருத்தன அழிச்சிராத."